கழித்தலில் காணாமல் போன டீசல்

பெங்களூர்ல இருக்கேன்னு ஊர்ல சொன்னா அடுத்த கேள்வி "எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி?" என்பதுதான். நாகப்பட்டினத்துல என் சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு நான் இன்னிக்கும் சாஃப்ட்வேர்தான். நானும் மறுத்து மறுத்து அலுத்துப் போய் விட்டுட்டேன். உண்மையில் நான் டீசல் அளக்கிறவன். எஞ்சினுக்குள்ள எவ்வளவு டீசல் போகுது, எவ்வளவு எரியுதுன்னு காட்டுற ஃப்ளோ மீட்டரை மாட்டுறது, அது சரியா காட்டுதான்னு சோதிக்கிறது. இதுதான் பொழைப்பு.

ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி, பொம்மசந்திரா தாண்டினா சந்தாபுரா. ஆனேக்கல் ரோடு பிரியற இடம். இன்னும் கொஞ்சம் போனா அத்திபெலே, அதுக்கப்புறம் ஓசூர், நம்ம எல்லை. 2025 ஆகஸ்ட்ல மெட்ரோ மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரைக்கும் வந்தாச்சு. நாங்க இன்னும் அங்கேர்ந்து ஆட்டோதான். காய்கறிக்கடையில தமிழ், டீக்கடையில தமிழ், வீட்டு ஓனர்கிட்ட கன்னடம், ஆபீஸ்ல மூணும் கலந்த ஒரு பாஷைன்னு வாழ்க்கை ஓடுது. சுத்திலும் தொழிற்பேட்டை. ஃபேக்டரிக்கு ஃபேக்டரி ஜெனரேட்டர். கரண்ட் போனா பத்து செகண்டுல எல்லாம் ஒண்ணா உறும ஆரம்பிக்கும். எனக்கு அந்தச் சத்தம்தான் சோறு.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன வருஷம் ஒரு ஃபேக்டரியில நடந்த கதையைச் சொல்லணும். பேரெல்லாம் வேண்டாம். யாரையும் சந்தி சிரிக்க வைக்கிறது என் நோக்கம் இல்லை.

அங்கே ஒரு 250 கேவிஏ ஜெனரேட்டர். அதைப் பார்த்துக்கிற ஆபரேட்டர் அண்ணன் திருவண்ணாமலைப் பக்கம். காண்ட்ராக்ட் ஆள். சந்தாபுராவிலேயே ஷீட் போட்ட வீட்டில் குடித்தனம், பொண்ணு பத்தாவது படிக்குது. ஃபேக்டரிக்காரங்க டீசல் செலவைக் கண்காணிக்க ஃப்ளோ மீட்டர் வாங்கி வேற யார்கிட்டயோ மாட்டிக்கிட்டாங்க. மாட்டின மூணு மாசத்துல கணக்கு உதைக்க ஆரம்பிச்சுது. மாசம் சுமார் 60 மணி நேரம் ஜெனரேட்டர் ஓடுது. ஸ்டாக் டேங்க்ல மாசத்துக்கு 1,560 லிட்டர் குறையுது. ஆனா மீட்டர் காட்டுறது 1,440 தான். மாசம் 120 லிட்டர் எங்கே? மூணு மாசத்துக்கு 360 லிட்டர். முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல.

"டீசல் எல்லி ஹோகுத்தே?"ன்னு மேனேஜர் கேட்டார். கேள்வி என்னமோ பொதுவா கேட்ட மாதிரிதான் இருந்தது, ஆனா எல்லார் கண்ணும் அண்ணன் மேலதான். சாயங்காலம் அவர் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து காட்டிட்டுத்தான் கேட்டைத் தாண்டணும்னு செக்யூரிட்டிக்கு உத்தரவு. சம்பளத்துல பிடிக்கப் போறோம்னும் சொல்லிட்டாங்க. "மீட்டர் பொய் சொல்லுமா?" இதுதான் அவங்க வாதம்.

மீட்டரைச் சரிபார்த்துக் கொடுங்கன்னு என்னைக் கூப்பிட்டாங்க. என்னை வரவேற்ற முறையிலேயே தெரிஞ்சுது, அவங்களுக்கு வேண்டியது ஒரு சர்டிபிகேட் மட்டும்தான். அதை வச்சுக்கிட்டு அண்ணனை அனுப்பிடலாம். நான் பையைத் திறக்கறப்ப அண்ணன் பக்கத்துல வந்து மெதுவா, "சார், நான் எடுக்கலை. ஆனா மீட்டர் சரின்னு நீங்க எழுதிட்டா நான் எடுத்தேன்னு ஆயிடும்"னார். அதுக்கு என்ன பதில் சொல்றது? "அளந்து பார்ப்போம் அண்ணே"ன்னு மட்டும் சொன்னேன்.

இங்கே கொஞ்சம் பாடம் எடுக்கணும், பொறுத்துக்குங்க :-)

டீசல் எஞ்சின் கேட்கிற டீசலை மட்டும் பம்ப் அனுப்புறதில்லை. பல மடங்கு அதிகமா அனுப்பும். இன்ஜெக்டரைக் குளிர வைக்கவும், உள்ளே மாட்டிக்கிட்ட காத்தை அடிச்சுக்கிட்டுப் போகவும் அந்த அதிக டீசல் வேணும். எரிஞ்சது போக மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்கே திரும்பும். அதனால ஒரு மீட்டர் போதாது. போற லைன்ல ஒண்ணு, திரும்புற லைன்ல ஒண்ணு. முதல்லேர்ந்து ரெண்டாவதைக் கழிச்சா எரிஞ்ச டீசல். வெளிநாட்டுப் பணக்காரங்க வச்சிருக்கிற டீசல் யாட்ல ரெண்டு எஞ்சின் இருந்தா நாலு மீட்டர் மாட்டுறதும் இதே காரணத்துக்குத்தான்.

இந்த ஜெனரேட்டர்ல மணிக்கு 110 லிட்டர் போகுது, 84 லிட்டர் திரும்பணும், 26 லிட்டர் எரியணும். மீட்டர்கள் என்ன சொல்லுது? போனது 110, வந்தது 86, எரிஞ்சது 24. மணிக்கு 2 லிட்டர் குறைச்சல். 60 மணிக்கு 120 லிட்டர். "காணாமல் போன" டீசல் இதுதான்.

கழித்தல் கணக்குல உள்ள ஆபத்தை வீட்டுல எல்லாரும் பார்த்திருப்பீங்க. கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு எடை மெஷின்ல ஏறுவோம், அப்புறம் தனியா ஏறுவோம், ரெண்டையும் கழிச்சு "குழந்தை 4 கிலோ"ன்னு சொல்லுவோம். மெஷின் அரைக் கிலோ அங்கே இங்கே காட்டினா நம்ம எடைக்கு அது ஒண்ணுமே இல்லை. குழந்தை எடைக்கு? எட்டுல ஒரு பங்கு தப்பு.

அதே மாதிரி இங்கேயும். ஒவ்வொரு மீட்டரும் 1 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம்னு வச்சுக்குங்க. 110ல 1.1 லிட்டர், 84ல 0.84 லிட்டர். ரெண்டும் எதிரெதிர் திசையில தப்பினா மொத்தம் 1.94 லிட்டர். எரிஞ்ச 26 லிட்டர்ல அது ஏழரை சதவீதம். ஆமாம், சரியா ஏழரை. அண்ணனுக்குப் பிடிச்சது அதுதான் :-)

ஆனா நான் முதல்லயே மீட்டர் மேல பழி போடலை. முதல் சோதனை, ரெண்டு மீட்டரையும் கழட்டி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஒரே குழாயில மாட்டி, குளிர்ந்த டீசலை விட்டேன். ஒரே டீசல் ரெண்டு வழியாவும் போறதால ரெண்டும் ஒரே எண்ணைக் காட்டணும். கடைசியில விழுற டீசலை எடை மெஷின் மேல வச்ச பேரல்ல பிடிச்சேன். ஹைட்ரோமீட்டர் போட்டு அடர்த்தி பார்த்தேன், லிட்டருக்கு 0.83 கிலோ. எடையை அதால வகுத்தா லிட்டர். ரெண்டு மீட்டரும் 0.2 சதவீதத்துக்குள்ள சரியா காட்டுச்சு. நல்ல சாமான். பாலக்காடு கஞ்சிக்கோட்டுல எப்.சி.ஆர்.ஐ.ன்னு மத்திய அரசு நிறுவனம் இருக்கு, இந்த மாதிரி மீட்டர்களைச் சோதிச்சு சர்டிபிகேட் தர்ற இடம். அங்கே அனுப்பியிருந்தாலும் ரெண்டும் பாஸ் ஆகித்தான் வந்திருக்கும்.

மேனேஜர் முகத்துல ஒரு திருப்தி. அண்ணன் ஓரமா சுவத்துல சாஞ்சு நின்னார். நான் அந்த இடத்துல பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா என் வேலை முடிஞ்சுது. மீட்டர் சரி, அதுல பொய்யில்லை. ஆனா கேள்வி மீட்டர் சரியா என்பது இல்லையே. எஞ்சின் எவ்வளவு குடிக்குது என்பதுதானே!

அதனால ரெண்டாவது சோதனை. மீட்டர்களைப் பழையபடி எஞ்சின்ல மாட்டினோம். டேங்க்கைப் பூட்டிட்டு, எடை மெஷின் மேல இருந்த பேரல்லேர்ந்தே எஞ்சினுக்கு டீசல் கொடுத்தோம். ரிட்டர்ன் லைனையும் அதே பேரல்ல விட்டோம். இப்படிச் செஞ்சா எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்துச்சுன்னு கவலையே இல்லை. ஒரு மணி நேரத்துல பேரல் எடை எவ்வளவு குறையுதோ அதுதான் எஞ்சின் குடிச்சது. சூடானாலும் குளிர்ந்தாலும் கிலோ மாறாது.

இதுல ரெண்டு நுணுக்கம் இருக்கு. ஹோஸ் பேரல் விளிம்புல படக்கூடாது. மேலேர்ந்து தொங்கணும், இல்லேன்னா ஹோஸோட பாரமும் எடையில சேர்ந்துக்கும். அப்புறம், திரும்புற டீசல் சூடா வரும், பேரலே கொதிச்சுடக் கூடாது. அதனால ரிட்டர்ன் மீட்டரைத் தாண்டினதும் குழாயை ஒரு தண்ணி டிரம்முக்குள்ள சுருட்டி விட்டு அப்புறம் பேரலுக்கு விட்டோம். லோடு ஏறி இறங்காம இருக்க லோடு பேங்க் வாடகைக்கு எடுத்து 90 கிலோவாட்ல நிறுத்தி வச்சோம். மாச சராசரியும் அதேதான், லாக் புக்ல 60 மணிக்கு 5,400 யூனிட்.

ஒரு மணி நேரம். எடை 21.6 கிலோ குறைஞ்சிருந்தது. 0.83ஆல வகுத்தா 26 லிட்டர். மீட்டர் போர்டுல 24.

மேனேஜர் ரெண்டு தரம் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தார். ஃபேக்டரி பூட்டுல டேங்க், எங்க எல்லார் கண்ணு முன்னாடி பேரல். யாரும் ஒரு சொட்டு எடுக்கலை. ஆனா 2 லிட்டர் காணோம்.

ரெண்டு குழாயிலும் தெர்மாமீட்டர் வச்சுக் காட்டினேன். போற டீசல் 35 டிகிரி. திரும்புற டீசல் 65 டிகிரி. டீசல் சூடானா விரியும். 1,000 லிட்டர் டீசல் ஒரு டிகிரி சூடானா சுமார் 0.8 லிட்டர் கூடும். 30 டிகிரிக்கு 24 லிட்டர், அதாவது 2.4 சதவீதம். 84 லிட்டரை 2.4 சதவீதம் ஊத வச்சா 86. ரிட்டர்ன் மீட்டர் தன் வழியா போனதை நேர்மையா எண்ணிச்சு. அது எண்ணினது ஊதின லிட்டர். சப்ளை மீட்டர் எண்ணினது ஒடுங்கின லிட்டர். ரெண்டும் வேற வேற லிட்டர், அதைக் கழிக்கக் கூடாது. ரெண்டு பேரும் உண்மை பேசி, தீர்ப்பு மட்டும் தப்பாப் போன கேஸ் இது.

ரிட்டர்ன்ல காத்துக் குமிழி வந்தாலும் இதே கதைதான். குமிழியையும் டீசல்னு எண்ணிக்கும். ரெண்டு தப்பும் ஒரே திசையில போறதைக் கவனிங்க. திரும்பினது அதிகம்னு காட்டும், எரிஞ்சது குறைவுன்னு ஆகும், ஸ்டாக்ல துண்டு விழும். பழி எப்பவும் டேங்க் சாவி வச்சிருக்கிறவன் மேலதான் விழும். ஓனர் பக்கம் ஒருநாளும் விழாது.

சரி, இதுக்கு வைத்தியம்? மூணு வழி இருக்கு. ஒண்ணு, ரெண்டு லைன்லயும் வெப்பநிலை சென்சார் வச்சு, ரெண்டையும் ஒரே வெப்பநிலைக்கு மாத்திக் கழிக்கிறது. ரெண்டு, ரிட்டர்ன் மீட்டருக்கு முன்னாடி கூலர் வச்சு டீசலை ஆற விட்டு அளக்கிறது. மூணாவது வழிதான் எனக்குப் பிடிச்சது, செலவும் கம்மி. ஜெனரேட்டர் ரூம்ல ஒரு டே டேங்க் இருக்கு, ரிட்டர்ன் டீசல் அதுக்குள்ளயேதான் திரும்புது. அப்போ ஸ்டாக் டேங்க்லேர்ந்து டே டேங்குக்கு வர்ற குழாயில ஒரே ஒரு மீட்டர் மாட்டினா போதும். எரிஞ்ச அளவுக்குத்தான் புது டீசல் உள்ளே வரும், அதுவும் குளிர்ந்த டீசலா வரும். மாசக் கடைசியில டே டேங்க்ல மட்டம் பார்த்துக்கிட்டா கணக்கு முடிஞ்சுது. கழித்தலே வேண்டாம்.

அதைத்தான் செஞ்சோம். அடுத்த மாசக் கணக்குல ஸ்டாக்கும் மீட்டரும் ரெண்டு மூணு லிட்டர் வித்தியாசத்துல நின்னுது. அண்ணன் சம்பளத்துல எதுவும் பிடிக்கலை. ஸ்கூட்டர் டிக்கி சோதனை மட்டும் நின்னதா இல்லையான்னு கேட்டேன். "அது இப்ப எல்லாருக்கும் உண்டு சார்"னு சிரிச்சார். மன்னிப்புன்னு யாரும் கேட்கலை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியலை. பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் வேலை மாறாம இருந்தா போதும்னார்.

இதை ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப மாமாகிட்ட சொன்னேன். அவருக்கு நாகப்பட்டினத்துல ஒரு விசைப்படகு. முழுக்கக் கேட்டுட்டு, "மாப்ளே, அந்த மீட்டர் ஒண்ணு நம்ம போட்டுக்கும் மாட்டிக்குடு. டிரைவர் மேல எனக்கு ஒரு கண்ணு"ன்னாரே பார்க்கலாம்! நான் சொன்ன கதையில அவருக்குப் பிடிச்சது மீட்டர் மட்டும்தான் :-)

ஆனா சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை. படகுல மீன் வித்த காசுல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழிச்சிட்டு மிச்சத்தைத்தான் ஓனரும் தொழிலாளிகளும் பங்கு போட்டுக்கறாங்க. அதுல பெரிய செலவு டீசல்தான். மீட்டர் தப்பாக் காட்டினா அது ஏழெட்டுக் குடும்பத்தோட பங்குல விளையாடும். இப்போ டேங்க்குக்குள்ள குச்சி விட்டுத்தான் அளக்கறாங்க. குச்சியைக் கேலி பண்ணாதீங்கன்னேன். ஜெட்டியில தண்ணி அசையாம இருக்கறப்ப, படகு சாயாம இருக்கறப்ப, எப்பவும் ஒரே இடத்துல விட்டுப் பார்த்தா குச்சி மாதிரி நேர்மையான கருவி கிடையாது.

மீட்டர்தான் வேணும்னா சில விஷயம் கட்டாயம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன். உள்ளே ரெண்டு பல்சக்கரம் சுத்துற மீட்டர்ல ஒரு சின்ன அழுக்கு சிக்கினாலும் சக்கரம் நின்னுடும், டீசலும் நின்னுடும். ஃபேக்டரியில அது அரை மணி இருட்டு. நடுக்கடல்ல எஞ்சின் நின்னா அது உயிர். அதனால மீட்டருக்கு முன்னாடி நல்ல ஃபில்டர், மீட்டரைச் சுத்திப் போக ஒரு பைபாஸ் குழாய், அதுல கையால திருப்புற வால்வு. இது இல்லாம எந்தப் படகிலும் மீட்டர் மாட்ட விடாதீங்க. ரிட்டர்ன்ல கூலர் வேணும், கடல்ல தண்ணிக்கா பஞ்சம்? குழாய் இணைப்பு எங்கேயும் காத்து இழுக்கக் கூடாது. எஞ்சின் அதிர்ற இடத்துல மீட்டரை நேரா முறுக்கி வைக்கக் கூடாது, பக்கத்துல தனியா ஒரு பலகையில மாட்டி ஹோஸ் போட்டு இணைக்கணும். மாட்டினப்புறம் ஒரு தரமாவது பேரலும் தராசும் வச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் அந்த எண்ணை வச்சு யார்கிட்டயும் பேசக் கூடாது.

மாமா கேட்டார், "இவ்வளவு செலவு பண்ணி எனக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்வி. திருடனைப் பிடிக்க இல்லை, வேகத்தைப் பிடிக்கத்தான் மீட்டர்னு சொன்னேன். கனமான படகு தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு ஓடறப்ப மணிக்கு ஆகிற டீசல் வேகத்தோட மும்மடியில ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைச்சா மணிக்குக் குடிக்கிறது கால்வாசிக்கு மேல குறையும். அதே தூரம் போக நேரம் கொஞ்சம் கூடும், அதையும் சேர்த்தா கூட டீசல்ல ஐந்தில் ஒரு பங்கு கிட்ட மிச்சம். வலை இழுக்கறப்ப இந்தக் கணக்கு செல்லாது, போக வர ஓடற ஓட்டத்துக்கு மட்டும்தான். யாட் வச்சிருக்கிறவங்க மீட்டர் போர்டைப் பார்த்துப் பார்த்து வேகத்தை வைக்கிறது இதுக்குத்தான். டிரைவர் கண்ணு முன்னாடி மீட்டர் போர்டை வைங்க, மிச்சமாகிற டீசல்ல அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கன்னேன். மாமா "பார்ப்போம்"னார். அவர் "பார்ப்போம்"னா பாதி சம்மதம்.

நீங்க அப்பார்ட்மென்ட்ல இருந்தா உங்க ஜெனரேட்டருக்கும் மீட்டர் இருக்கலாம். அசோசியேஷன் மீட்டிங்ல "டீசல் கணக்கு உதைக்குது, ஆபரேட்டரை மாத்திடலாம்"னு யாராவது ஆரம்பிச்சா, மீட்டர் எந்தக் குழாயில இருக்குன்னு ஒரு கேள்வி கேளுங்க. ரெண்டு மீட்டர் இருந்தா, ரிட்டர்ன் எவ்வளவு சூடுன்னு ரெண்டாவது கேள்வி. டீசல் வாங்குற பங்க்லயே அளவு சரியான்னு சந்தேகம் இருந்தா முத்திரை குத்தின 5 லிட்டர் அளவுக் கேனைக் கேட்டுப் பிடிச்சுப் பார்க்கலாம், அதுக்கு நமக்கு உரிமை இருக்கு. 25 மில்லிக்கு மேல குறையக் கூடாது. இதெல்லாம் பார்த்துட்டு அப்புறம் ஆள் மேல கையை நீட்டலாம்.

கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். முன்னாடி 45 நாளா இருந்தது, 2017லேர்ந்து 61 நாள். எல்லாப் படகும் கரையில, எஞ்சின் எல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கும். மாட்டறதுக்கு அதை விட நல்ல நேரம் கிடையாது. மாமா போன வாரம் போன் பண்ணி, "அந்தப் பைபாஸ் வால்வு எத்தனை இஞ்சு சைஸ் மாப்ளே?"ன்னு கேட்டார். இனி லீவு சொல்லணும், டிக்கெட் போடணும். எடை மெஷினை பஸ்ஸுல ஏத்த விடுவாங்களா என்பதுதான் இப்போதைக்கு என் கவலை.